தீயில் கை வைத்தவன் முன்னால்

அந்தப் படத்தை நான் முதன்முதலில் பார்த்தபோது அதற்குச் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, மாலையும் போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரத் துரை காலத்தில் தோட்டத்துப் பங்களாவில் தொங்கிய எண்ணெய் ஓவியம் அது. ஓர் ஆள் உயரம், அதைவிடக் கொஞ்சம் கூடுதல் அகலம். பங்களாக் கூரை இடிந்து விழுந்த வருடம், மழையில் நனைந்து வீணாகிவிடுமே என்று தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து ஆட்கள் நான்கு பேர் சுமந்து வந்து கோயிலை ஒட்டிய மண்டபத்துச் சுவரில் மாட்டினார்களாம். நான் வேலைக்கு வந்தது அதற்கு வெகுநாள் கழித்து.

படத்தில் இருட்டான ஒரு கூடாரம். சிவப்புச் சால்வை போர்த்திய ராஜா ஆசனத்திலிருந்து பாதி எழுந்தபடி நிற்கிறார். சுற்றிலும் ஈட்டி பிடித்த சிப்பாய்கள். நடுவில் ஒரு வாலிபன், எரிகிற நெருப்புச் சட்டிக்குள் வலது கையை நீட்டி வைத்துக்கொண்டு ராஜாவை நேருக்கு நேர் பார்க்கிறான். வெளிச்சம் முழுக்க அந்தக் கையின் மேல்தான். கை கருகுகிறது, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

எங்கள் தோட்டத்து ஜனங்களுக்கு இதற்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ராஜா சந்தேகப்பட்டார், இவன் நெருப்பில் கை வைத்துச் சத்தியம் செய்கிறான், சொன்னது உண்மை என்பதால் வலிக்கவில்லை. சூடம் அடித்துச் சத்தியம் பண்ணி வளர்ந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான படம் உலகத்தில் ஏது? 'சத்தியக்காரர்' என்று பேர் வைத்துவிட்டார்கள். கீழே ஒரு முக்காலி, அதில் ஒரு தட்டு. கோழி காணாமல் போனாலும் சரி, குடிக்கவே இல்லை என்று புருஷன் சாதித்தாலும் சரி, "வா, சத்தியக்காரர் முன்னால வந்து சொல்லு" என்பார்கள். தட்டில் சூடம் ஏற்றுவார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் ஒரே அடியாக அடித்து அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் வழக்கு முடிந்தது. அந்தப் புகையெல்லாம் ஏறி ஏறிப் படத்தின் கீழ்ப்பகுதி கரி பிடித்து, அங்கே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் போயிருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் கோலாலம்பூருக்குத் தெற்கே, சிரம்பானை ஒட்டிய ரஹாங்கில் பிறந்து வளர்ந்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து, ஆபீசில் கணக்கும் கடிதமும் எழுதும் கிராணி வேலைக்கென்றே கப்பல் ஏறி வந்த குடும்பம். தாத்தா கிராணி, அப்பா கிராணி, நானும் லுக்குட்டுக்கு அப்பால் இந்தச் செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணி. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் சத்தியம் செய்யக் கூடாது. கடவுள் பேரைச் சொல்லியும் கூடாது, தலையில் அடித்தும் கூடாது. உள்ளதைச் சொல்லு, சொன்னதோடு நிறுத்து என்பாள் அம்மா. பள்ளிக்கூடத்தில் 'காட் ப்ராமிஸ்' என்று சொன்னதைத் தங்கை போட்டுக்கொடுத்து, வாயில் மிளகாய் வாங்கியவள் நான். அது எட்டாவது வயதில். அதற்குப் பிறகு இன்று வரை செய்ததில்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு ரஹாங் வீட்டில் நான் ஒருத்திதான். எனக்கு ஊர், உறவு, சண்டை, சிரிப்பு எல்லாமே தோட்டம்தான். தீபாவளிக்கு என் மேசையில் முறுக்கு டின் வைக்க இடம் பத்தாது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட ஃபாரம் நிரப்ப, ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத, மாப்பிள்ளை வீட்டார் எப்படி என்று விசாரிக்க என்று எல்லாவற்றுக்கும் "கிராணிம்மா" என்று வந்து நிற்பார்கள். ஒரு மனுஷிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அங்கே எனக்கு ஒரு தோழி இருந்தாள். உரம் போடும் பெண்களை மேற்பார்க்கும் மண்டோர். என்னைவிட ஆறு வயது இளையவள், எனக்கு மேல் வாய்த் துடுக்கு. பத்து மணிக்கு வேலைக்காட்டிலிருந்து உர மூட்டை வாடையோடு வந்து, என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, என் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பாள்.

"இன்னிக்கும் சொதியா? ஒங்க ஆளுங்களுக்கு வேற கொழம்பே தெரியாதாக்கா?"

"வேணாம்னா மூடி வை, தங்கச்சி."

மூட மாட்டாள். பாதியைத் தின்றுவிட்டுத் தன் சம்பலை எனக்குத் தள்ளுவாள். நான் சத்தியம் செய்யாததை வைத்து என்னை ஓட்டுவது அவளுக்குப் பொழுதுபோக்கு. "சோறு உண்மையிலயே நல்லா இருக்குன்னு சத்தியம் பண்ணுங்க பாப்போம்" என்பாள். நான் முறைப்பேன். மேசையைத் தட்டிச் சிரிப்பாள். அம்மா செத்தபோது மூன்று நாள் ரஹாங்கில் என்னோடு தங்கிச் சமைத்துப் போட்டவள் அவள்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் லயத்துக் குழாயில் நான்கு மாதமாகச் செம்மண் தண்ணீர் வந்தது. குழந்தைகளுக்குச் சொறி. மனு எழுதிக் கொடுத்தார்கள், எழுதியது நான்தான். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், வருகிற திங்கட்கிழமை விடியற்காலையில் ஒருவரும் பெரட்டுக்குப் போவதில்லை என்று ரகசியமாக முடிவு செய்தார்கள். பெரட்டு என்றால் ஆள் எடுக்கும் களம்; அங்கே ஆள் நிற்காவிட்டால் அன்றைக்கு ஒரு செம்பனைக் குலைகூட வெட்ட முடியாது. இது தெரிந்தது லயத்தில் நாலைந்து பேருக்கு; மற்றவர்களுக்கு ஞாயிறு ராத்திரிதான் சொல்வதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை என் தோழி வந்து என் காதில் போட்டாள்.

"ஒங்ககிட்ட சொல்லாம யாருகிட்டக்கா சொல்றது? யாருகிட்டயும் மூச்சு விட்றாதீங்க."

"சரி" என்றேன். என் 'சரி' போதும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் சனிக்கிழமை அவள் மறுபடியும் வந்தாள். மகன் விஷயமாக லீவு கேட்க வேண்டும் என்று மேனேஜர் அறைக்குள் போனாள். வெகுநேரம் வரவில்லை. பாவம், என்ன திட்டு வாங்குகிறாளோ என்று நானே தேத்தண்ணி கலக்கி உள்ளே கொண்டுபோய் அவள் முன்னால் வைத்துவிட்டு வந்தேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

திங்கட்கிழமை விடியும் முன்பே பெரட்டுக் களத்தில் இரண்டு லாரி நிறைய வெளியாட்கள் நின்றார்கள். வேலை ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. இதை முன்னின்று நடத்திய மூன்று குடும்பங்களுக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. அந்தக் கடிதங்கள் என் மேசை வழியாகப் போகவில்லை, தலைமை ஆபீசிலிருந்து நேரே வந்தன. ஆனால் அதை யார் நம்புவது? கடிதம் என்றால் கிராணி, கிராணி என்றால் கம்பெனி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மண்டபத்தில் கூடினார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். போனேன். மடியில் கனமில்லை, வழியில் பயம் எதற்கு என்றுதான் போனேன்.

கோயில் தலைவர் எழுந்தார். "விசயம் தெரிஞ்சவங்க எல்லாரும் சத்தியக்காரர் முன்னால வந்து சூடம் அடிக்கணும். மண்டோர் சொல்லிச்சு, கிராணிம்மாவுக்கும் தெரியுமாம்."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். எனக்குச் சொன்னதை அவளே ஒப்புக்கொண்டிருக்கிறாள், நல்லதுதானே என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். என் மூளை அவ்வளவுதான்.

ஒவ்வொருவராக வந்தார்கள். சூடம் எரிந்தது, சொன்னார்கள், அடித்தார்கள். அவள் முறை வந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படத்தை அண்ணாந்து பார்த்தாள். "நான் யாருகிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா இந்தக் கை அழுகிப் போவட்டும்." படாரென்று அடித்தாள். முக்காலியே ஆடியது. கூட்டத்தில் ஒரு கிழவி "ஆத்தா" என்று கும்பிட்டாள்.

பிறகு என் முறை. எனக்காகப் பெரிய கட்டியாக வைத்து ஏற்றினார்கள்.

"நான் சொல்லல," என்றேன். "அவ்வளவுதான்."

"அணைங்கம்மா."

"நான் சத்தியம் பண்றதில்ல ஐயா. எங்க வேதத்துல கிடையாது. நான் சொல்லல, அது உண்மை."

"உண்மைன்னா அடிச்சிட்டுப் போவ வேண்டியதுதானே லா! சுடவா போவுது?" என்றான் பின்னாலிருந்து ஒருவன். "மடியில கனம் இல்லன்னா பயம் எதுக்கு?" என்றாள் ஒருத்தி. நான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்த பழமொழியையே என் முகத்தில் எறிந்தார்கள்.

எனக்கு என் தோழி இருக்கிறாளே என்ற தைரியம். எழுந்து, "அக்கா சத்தியமே பண்ணாதுங்க, எனக்குத் தெரியும்" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்து வருடமாக அதை வைத்து என்னைக் கேலி செய்தவள் அல்லவா? அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். சூடம் எரிந்து எரிந்து சின்னதாகியது.

அவள் தன் உள்ளங்கையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "நாம என்னத்தச் சொல்றது? பண்றவங்க பண்ணுவாங்க, முடியாதவங்க நிப்பாங்க. சாமி பாத்துக்கும்."

சூடம் தானாக அணைந்தது. நான் அணைக்காமல் அணைந்த சூடம். தீர்ப்பு அதுதான்.

அதற்குப் பிறகு என்னை யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. பேசவில்லை, அவ்வளவே. ஃபாரம் நிரப்ப லுக்குட்டில் கடைக்காரனிடம் போனார்கள். தீபாவளி வந்தது, என் மேசை காலியாகவே இருந்தது. அந்த மூன்று குடும்பங்களும் சாமான் ஏற்றிப் போன அன்று வழியனுப்பப் போனேன். ஒரு பாட்டி என்னைப் பார்த்ததும் பேரப்பிள்ளையின் முகத்தைத் திருப்பிவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மூடிய வாயைத் திறக்கவும் ஒன்றும் இல்லை.

சில நாட்களில் வேலை முடிந்து வெளியே வந்தால், என் மோட்டார் சைக்கிள் சீட்டின் மேல் ஒரு சூடக் கட்டி இருக்கும். யார் வைத்தார்கள் என்று தெரியாது. நான் எறியவில்லை. ஒரு பவுடர் டின்னில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன். பதினேழு கட்டி சேர்ந்தது.

என் தோழியும் வருவதைக் குறைத்துக்கொண்டாள். "எல்லாரும் பாக்குறாங்கக்கா" என்றாள். புரிந்துகொண்டேன், நான் பெரிய புத்திசாலி அல்லவா? அவள் மகனுக்குச் சிரம்பானில் கம்பெனியின் ஆபீசில் டிரைவர் வேலை வந்தது. அந்த ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்தவள் நான். அங்கேயே அம்பாங்கானில் வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். போகிற அன்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். நினைத்தால் இப்போதுகூட எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

போன வருடம் கம்பெனிக்குப் பழைய பங்களாவைப் புதுப்பிக்கும் யோசனை வந்தது. போர்ட்டிக்சன் கடற்கரைக்கு வருகிறவர்கள் தங்குவதற்காம். படமும் பங்களாவுக்குத் திரும்ப வேண்டும் என்றார்கள். கிராணி சத்தியக்காரரையும் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று லயத்தில் பேச்சு. அது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்யும் சீனப் பெண் ஒருத்தி கோலாலம்பூரிலிருந்து வந்தாள். கூட இருந்து பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை அனுப்பினார்கள். இது அசல் இல்லை, இத்தாலியில் நானூறு வருடத்துக்கு முந்தைய பரோக் காலத்தில் வரைந்த மாதிரியைப் பார்த்துப் பிற்பாடு யாரோ எழுதியது என்று மலாயில் சொன்னாள். அந்தக் காலத்தில் இப்படித்தான் சுற்றிலும் இருட்டை வைத்து ஒரு பக்கமிருந்து வெளிச்சம் அடிப்பார்களாம். குச்சியில் பஞ்சைச் சுற்றி, மருந்தில் நனைத்து, கரி பிடித்த கீழ்ப்பகுதியை விரற்கடை விரற்கடையாகத் துடைத்தாள். பஞ்சு கறுப்பாகிக்கொண்டே வந்தது.

மூன்றாம் நாள் ஒரு செருப்புக் கால் தெரிந்தது. நான்காம் நாள் முழங்கால். வாரக் கடைசியில் ஒரு ஆள் முழுதாக வெளியே வந்தான். ராஜாவின் காலடியில் மல்லாந்து கிடக்கிறான். ராஜாவைப் போலவே சிவப்புச் சால்வை. நெஞ்சில் குத்து. ஒரு கையில் இன்னும் எழுதுகோல் இருக்கிறது, பக்கத்தில் சுருள் காகிதம் சிதறிக் கிடக்கிறது.

"இது யார்?" என்றேன்.

"கேரானி" என்றாள் அவள், பஞ்சை மாற்றிக்கொண்டே.

மலாயில் கிராணிக்கு அதுதான் சொல். கதையைச் சொல்லச் சொன்னேன். ரோமாபுரிக் கதையாம். ஊரை முற்றுகையிட்ட எதிரி ராஜாவைக் கொல்ல அந்த வாலிபன் திருட்டுத்தனமாகக் கூடாரத்துக்குள் நுழைந்தான். அன்று சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்கும் நாள். ராஜா யார் என்று அவனுக்குத் தெரியாது. கேட்டால் மாட்டிக்கொள்வான். பக்கத்தில் நல்ல உடுப்பில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த கிராணியை ராஜா என்று நினைத்துக் குத்திவிட்டான். பிடிபட்டதும், எனக்கு வலிக்காது பார் என்று மிரட்டத்தான் கையை நெருப்பில் வைத்தான். என்னைப் போல இன்னும் முந்நூறு பேர் உன்னைக் கொல்லக் காத்திருக்கிறார்கள் என்றான். ராஜா பயந்து அவனை விட்டுவிட்டார்.

"முந்நூறு பேர் இருந்தார்களா?"

"யாருக்குத் தெரியும்? பொய் சொன்னான் என்றும் சொல்வார்கள்" என்று அவள் தோளைக் குலுக்கினாள்.

அட கடவுளே. இத்தனை வருடமாக நாங்கள் மாலை போட்டது இவனுக்கா? கையை நெருப்பில் வைத்தான் என்பதற்காக அவன் சொன்னதெல்லாம் உண்மை என்று நம்பினோம். அவனுக்கு ஏற்றிய சூடப் புகையிலேயே, செத்துக் கிடந்த கிராணி மூடிப்போயிருந்தான்.

மேனேஜரும் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் மாற்றலாகிப் போகிறவர். போகிற ஆளுக்கு வாய்க்குப் பூட்டு இருக்காது. மலாயில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நெருப்பில் கை வைப்பவர்களை நம்பக் கூடாது, கேரானி. உன் சிநேகிதி அந்த மண்டோரும் அன்றைக்குச் சூடம் அடித்தாளாமே? அவள்தான் எல்லாவற்றையும் எனக்குச் சொன்னவள்."

"அவளா?" என்றேன்.

"உனக்குத் தெரியாதா? தெரியும் என்றல்லவா நினைத்தேன். அந்தச் சனிக்கிழமை அவள் பேசிக்கொண்டிருக்கும்போது நீதானே தேநீர் கொண்டுவந்து வைத்தாய்?"

அவரையும் சேர்த்துத்தான் எனக்கு வெறுப்பாக இருந்தது. ஆனால் அவர் கம்பெனிக்காரர். அவர் என் சொதியில் பாதி தின்றவர் இல்லை, அம்மா சாவுக்குச் சமைத்தவர் இல்லை. கூடவே இருந்து குழி பறிக்க, கூடவே இருந்தவளால்தான் முடியும். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். செம்மண் தண்ணீர்தான் வந்தது.

தேவாலயத்தில் ஞாயிறு மத்தியானப் பூசை முடிந்ததும் நேரே அம்பாங்கானுக்குப் போனேன். பவுடர் டின் கைப்பையில் இருந்தது. அவள் வாசலிலேயே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். உட்காரச் சொன்னாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை.

"மேனேஜர் சொன்னாரு."

அவள் மறுக்கவில்லை. "பையனுக்கு வேலை தர்றேன்னாருக்கா. அவன் கெட்ட சகவாசத்துல கெடந்தான், ஒங்களுக்கே தெரியும். ஒங்க மேல விழும்னு நான் நெனைக்கலக்கா. கிராணிய யாரு என்ன பண்ண முடியும்னு நெனச்சேன்."

"மண்டபத்துல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நான் சத்தியம் பண்ணாதவள்னு ஒரே ஒரு வார்த்த."

"சொன்னா திரும்ப என்னைப் பாப்பாங்களே."

இப்படி நேராகச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். "ஒரு மாசம் தூங்கலக்கா. தெனம் காலைல எழுந்து இந்தக் கையத்தான் பாப்பேன். அழுகிப் போவும்னு சொன்னேனே. ஒன்னும் ஆவல. சின்னக் கொப்புளம்கூட இல்ல. அப்புறம் பயம் விட்டுப்போச்சு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தாள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம். மாப்பிள்ளை, வெளியேற்றிய அந்த மூன்று குடும்பத்தில் ஒரு வீட்டுப் பையன். அந்தப் பாட்டி முகத்தைத் திருப்பிவிட்டாளே, அந்தப் பேரனின் அண்ணன்.

"அவுங்களுக்குத் தெரிஞ்சா எல்லாம் போச்சுக்கா. எம் பொண்ணு என்ன பாவம் பண்ணிச்சு? யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க." எழுந்து போய்ச் சாமி மாடத்திலிருந்து தீபத்தட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். பழக்கம், வேறென்ன. "சும்மா சொன்னாப் பத்தாதுக்கா. எம் மேல கோவத்துல இருக்கீங்க. சத்தியம் பண்ணுங்க."

ஒரு காலத்தில் என் 'சரி' இவளுக்குப் போதுமானதாக இருந்தது. நான் பவுடர் டின்னைத் திறந்து அந்தத் தட்டில் கவிழ்த்தேன். பதினேழு கட்டியும் கொட்டியது. ஓரங்கள் கரைந்து சிறுத்திருந்தாலும் வாசனை போகவில்லை.

"இதெல்லாம் ஒனக்கு வர வேண்டியது. தப்பா என்கிட்ட வந்திருச்சு" என்றேன். "சத்தியத்துக்கு நீ வேற ஆளப் பாரு, தங்கச்சி. நான் பண்றதில்ல. தோட்டத்துலயே அது நல்லாத் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்திதான்."

அவள் "அக்கா, அக்கா" என்று கேட் வரை வந்தாள். நான் மோட்டாரைக் கிளப்பினேன். மணி மூன்று. ஞாயிற்றுக்கிழமை அந்நேரத்துக்கு மண்டபத்தில் எல்லாரும் இருப்பார்கள். சந்தியில் வந்து நின்று ஒரு நிமிடம் யோசித்தேன். ரஹாங்கில் என் வீட்டுக்குப் போகும் பாதையை விட்டு, தோட்டத்துக்குப் போகும் லுக்குட் பாதையில் திருப்பினேன்.